தனகோட்டி மறுத்த எருக்கூடை

தனகோட்டிக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடைத்தபோது அவள் ஒரே ஒரு சபதம்தான் செய்துகொண்டாள். தன் புன்செய்க் கொல்லையில் ஒரு கூடை சாணி எருகூட விழக் கூடாது. கேட்டவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். நிலத்தோடு பிறந்தவர்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும். ஊரான் எருவைத் தலையில் சுமந்தே பாதி ஆயுளைத் தொலைத்தவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நெய்வேலியில் சுரங்கத்துக்காகக் காலியான ஊர்களில் அவள் ஊரும் ஒன்று. அங்கே அவளும் புருஷன் ராஜாங்கமும் கலியமூர்த்தி என்கிற பெரிய நிலக்காரரிடம் கூலிகள். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் எருக்குழியைப் பிரிக்க ஆள் வந்து கூப்பிடும். ஆண்கள் வெட்டிக் கொடுப்பார்கள், பெண்கள் சுமப்பார்கள். மழையில் ஊறிய எரு கூடைக் கண்ணின் வழியாக ஒழுகி, நெற்றியில் இறங்கி, வாயோரத்தில் வந்து நிற்கும். துடைக்க முடியாது. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருக்கும்.

அவளுக்குக் கல்யாணமான மறுநாள் விடியற்காலையில் அந்த முதல் மழை பெய்தது. புதுப்பெண்ணாயிற்றே, இன்று ஒரு நாள் இருக்கட்டும் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு வாய் இல்லை. மஞ்சள் கயிற்றோடு போய்ச் சுமந்தாள். பொழுது சாயும்போது கழுத்திலிருந்த கயிறு சாணி நிறமாகிக் கிடந்தது. மாமியார் புதுக் கயிறு மாற்றிக் கட்டினாள். ஆனால் அந்த முதல் கயிற்றைத் தனகோட்டி ஆயுசுக்கும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் அவள் மறக்கவில்லை. ஒரு வருஷம் கலியமூர்த்தி வீட்டுக்கு மூட்டையில் வெள்ளை உரம் வந்து இறங்கியது. உப்பு உரம் என்றார்கள், அமோனியா என்றார்கள். பார்க்கச் சர்க்கரையாட்டம் இருந்தது. அதைத் தொடக் கூலிகளை விடவில்லை. கலியமூர்த்தியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தூவினார். தூவி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டார், அவ்வளவுதான். குளிக்கவில்லை, மூக்கைச் சுளிக்கவில்லை. வரப்பில் எருக்கூடையோடு நின்று பார்த்தவளுக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. எரு கூலிக்காரியின் வேலை, உப்பு நிலக்காரனின் வேலை. அந்த உப்பு விழுந்த மண்ணில் அவளே சுமந்து கொட்டிய எரு கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது என்பதைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

ஊர் காலியான பிறகு கூலிக்காரர்களுக்கு வேறிடத்தில் மனை கிடைத்தது. சிலருக்குப் புறம்போக்கு மேட்டில் ஆளுக்கு ஒரு காணியும் பட்டா போட்டுக் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பயிர் வைக்க வேண்டும். தரிசாகப் போட்டால் பட்டா ரத்து. தனகோட்டியின் பங்குக்கு வந்தது செம்மண் மேடு. அதிலும் மேல்மண்ணை எப்போதோ எவனோ ரோட்டுக்குச் சுரண்டிப் போயிருந்தான். மிஞ்சியது கப்பியும் சிவந்த அடிமண்ணும்தான். ஆனாலும் என்ன, அது அவளுடையது. முதல் நாள் அந்தக் கொல்லையின் நாலு மூலையையும் நடந்து பார்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். எழுந்து போ என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

ராஜாங்கத்துக்கு மண்ணில் மனசு இல்லை. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட்டு மாறி மாறிப் போய் வந்தான். "பர்மனென்ட் ஆயிட்டா குவாட்டர்ஸே குடுப்பாங்க புள்ள, இந்தக் கப்பிய எதுக்குக் கட்டிக்கினு அழுவுற?" என்பான். அவள் காதில் வாங்கவில்லை. ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டை போடுவதென்று முடிவு செய்தாள். மல்லாட்டை என்பது அந்தப் பக்கத்து வாயில் நிலக்கடலை. பிடுங்கிப் பிடுங்கி விரல் காய்த்துப்போன பயிர் அது.

கிராம சேவக் தெய்வசிகாமணி சைக்கிளில் வந்தான். இளவட்டம். ஊர் ஊராக உர மூட்டையைப் பற்றியும் பூச்சிப் பவுடரைப் பற்றியும் பேசுவதுதான் அவன் உத்தியோகம். மண்ணைக் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த மண்ணுக்கு வெறும் உப்பு ஆவாதும்மா. மொதல்ல எரு அடிக்கணும். மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க நெறைய இருக்கு. சாணி, தழை, செத்த வேரு எல்லாத்தயும் தின்னு அதுங்கதான் பயிருக்குச் சோறு ஆக்கிப் போடுது. மேல்மண்ணோட அதுங்களும் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது பட்டினியா கெடக்குது."

"நான் பட்டினியா கெடந்தப்ப எந்த உசுரு சார் வந்து பாத்துச்சு?" என்றாள் தனகோட்டி. "அதுங்களுக்குச் சோறு போட எவன் வூட்டுச் சாணியயும் நான் சொமக்க மாட்டேன். நீங்க உப்புக்கு வழி சொல்லுங்க."

அவன் வற்புறுத்தவில்லை. எத்தனை மூட்டை போயிற்று என்றுதான் மேலே கேட்பார்கள். எத்தனை கூடை எரு விழுந்தது என்று அவனை யாரும் கேட்டதில்லை. உப்புக்கு வழி சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான்.

அந்த வருஷம் கொல்லை பச்சைப் பசேலென்று வந்தது. தனகோட்டி தானே உப்பைத் தூவினாள். தூவி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சிரித்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள். காய் சுமாராகத்தான் பிடித்தது. ஆனால் கொடி கொழுகொழுவென்று இருந்தது. வேரோடு பிடுங்கி, காயை ஆய்ந்துகொண்டு, ஒரு இலை மிச்சமில்லாமல் கொடியைக் கட்டுக்கட்டாகக் கட்டி நெய்வேலி நகரியத்துக்குக் கொண்டுபோய் விற்றாள். மாடு இல்லாதவளுக்குக் கொடி எதற்கு?

வாங்கியவள் ஆறாம் பிளாக்கில் இருந்த தமயந்தி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் சங்கரலிங்கம் மைன்ஸில் ஃபோர்மேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இரண்டு பசுக்களைக் கட்டிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். நல்ல மனசுக்காரிதான். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சாணி மேடாகக் குவிந்து, அண்டை வீட்டார் முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"தனகோட்டி, போகும்போது இந்தச் சாணிய அள்ளிட்டுப் போயேன். உன் தோட்டத்துக்கு ஆகும்லா. சும்மாவே தாரேன்" என்றாள்.

தனகோட்டிக்குச் சுருக்கென்றது. கொடி விற்க வந்த நிலக்காரியை இவளும் எருக்காரியாகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "எங்க கொல்லிக்குச் சாணி போடறது இல்லீங்கம்மா. மூட்டை உரம்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இரண்டாம் வருஷம் கம்பளிப்பூச்சி வந்தது. தெய்வசிகாமணி பூச்சிப் பவுடர் வாங்கச் சொன்னான். அளவாகத் தூவச் சொன்னான். அவளுக்கு அளவு எங்கே தெரிந்தது? பூச்சி இருந்த இடம், இல்லாத இடம், வரப்பு, பொழி எல்லாம் வெளுக்கத் தூவினாள். புழு பொத்துப் பொத்தென்று விழுந்தது. கூடவே கரையான் போயிற்று, எறும்பு போயிற்று. மழை விட்டதும் மண்ணில் மண்புழு கக்கிப் போடும் குருணை ஒன்றைக்கூடக் காணோம். ஏர் பின்னால் வரும் மைனாக்கள் அவள் கொல்லைப் பக்கம் இறங்கவே இல்லை. கொல்லை சுத்தமாக இருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள், பாவி.

மூன்றாம் வருஷம் செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை, மஞ்சளாக நின்றது. இன்னும் உப்பைக் கொட்டினாள். இலை ஓரம் கருகியது. ராஜாங்கத்தின் கூலியெல்லாம் உரக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் தினமும் சண்டை. ஒரு நாள் ஆத்திரத்தில் செடி ஒன்றைப் பிடுங்கியவள் வேரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை வருஷம் மல்லாட்டை பிடுங்கியிருப்பாள்! எந்தச் செடியைப் பிடுங்கினாலும் வேரில் கடுகு கடுகாக முண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அது எதற்கு இருக்கிறது என்று அவள் யோசித்ததில்லை. இந்த வேரில் ஒன்றுகூட இல்லை. துவைத்துப் போட்ட நூலாட்டம் வெறுமையாக இருந்தது. பக்கத்துச் செடியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

தெய்வசிகாமணி வந்து பார்த்தான். இந்தத் தடவை நாலைந்து செடிகளைப் பிடுங்கி வேர் வேராகப் பார்த்தான்.

"அந்த முண்டுக்குள்ளதாம்மா அந்த உசுருங்க குடியிருக்கும். காத்துல இருக்கிற சத்த இழுத்துச் செடிக்குக் குடுக்கும். உப்பாவே போட்டுக்கினு வந்ததுல மண்ணு புளிச்சுப் போச்சு. பவுடரும் கூடிப்போச்சு. கொடியக்கூட மிச்சம் வெக்காம வித்துட்ட. அதுங்க எதத் தின்னும், எப்புடி இருக்கும்?"

"இப்ப இன்னா பண்றது சார்?"

"எருதாம்மா. எருவ அடிச்சிக்கினே இருந்தா மெல்லத் திரும்பும். வருசத்துக்குள்ள ரெவின்யூக்காரங்க பாக்க வருவாங்க. தரிசுன்னு எழுதிட்டா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் பகலில் தனகோட்டி ஆறாம் பிளாக்குக்குப் போனாள். கையில் கூடை. தமயந்தி கொட்டகையைக் காட்டி, வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தனகோட்டி கூடையை நிரப்பினாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். கூடையை முட்டிவரை தூக்கினாள். அதற்குமேல் கை ஏறவில்லை. கனம் அல்ல. இதைவிட இரட்டைக் கனம் சுமந்த தலை அது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் சாணி நிறமாகிப்போன மஞ்சள் கயிறு கழுத்தில் மறுபடி ஈரமாக ஒட்டியதைப் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடையைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தாள்.

முட்டாள்தனம் என்று சொல்லத் தோன்றும். சொல்லுங்கள். ஆனால் மழையில் ஊறிய எருவை ஒரே ஒரு நாள் தலையில் வாங்கி, அது வாயோரம் வந்து நிற்கும்வரை நடந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அடுத்த ஆடியில் விதை முளைத்தது பாதி, காய்ந்தது மீதி. ரெவின்யூக்காரர் வந்தார், பார்த்தார், போனார். பட்டா ரத்தாயிற்று. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தது தமயந்திதான். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது, யார் மேலும் குற்றம் சொல்ல வழியில்லை. அதே வருஷம் ராஜாங்கத்தின் கான்ட்ராக்டும் முடிந்தது. பர்மனென்ட் என்ற பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை. வீட்டில் உலை வைக்க ஒரு கைக்காவது வேலை வேண்டும், எந்த வேலையானாலும் சரி என்று ஆயிற்று.

தமயந்தியே ஆள் விட்டாள். "உனக்குப் பழகின மண்ணு. எருவடிக்க வேற ஆள எதுக்குத் தேடணும்?"

தனகோட்டி போனாள். சும்மாடு வைத்தாள். வேறொருத்தி கை கொடுத்துக் கூடையைத் தூக்கிவிட, அது தலையில் ஏறி உட்கார்ந்தது. தன் கொல்லைக்குத் தூக்க மறுத்த கை, கூலிக்கு என்றதும் பிடித்துக்கொண்டது. ஆறாம் பிளாக்கிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய சாணியை மேட்டின் நாலு மூலைக்கும் அவள்தான் சுமந்து கொட்டினாள். முதல் வருஷம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் மண்ணின் நிறம் இருண்டது. மழைக்குப் பிறகு மண்புழுக் குருணை தலைகாட்டியது. மைனாக்கள் இறங்கின.

கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்க நாலைந்து பெண்களோடு அவளும் இறங்கினாள். முதல் செடியைப் பிடுங்கி உதறினாள். வேரெல்லாம் கடுகு கடுகாக முண்டு. ஒன்றைக் கிள்ளி நகத்தில் நசுக்கினாள். உள்ளே ரத்த நிறமாக இருந்தது. அவள் அடித்து விரட்டிய உசுருகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, நிலம் கைமாறிப் போன பிறகு.

வரப்பில் குடையோடு நின்ற தமயந்தி சிரித்தாள். "பாத்தியா? அப்பமே சும்மா தாரேன்னு சொன்னேம்லா. நீதான் கேக்கல."

தனகோட்டி கையிலிருந்த செடியை நீட்டினாள். "யம்மா, அந்தச் சாணியே என் கொடிதாங்கம்மா. இந்தக் கொல்லியில வெளஞ்சத உங்க மாடு தின்னுச்சு. அதத்தான் நான் தலையில வச்சிக்கினு வந்து இங்கியே கொட்டுனேன். எல்லாம் எங்கருந்து போச்சோ அங்கியே வந்துடுச்சு. நான் ஒருத்திதான் இங்க கூலியா நிக்கிறேன்."

தமயந்தி குடையை மறு கைக்கு மாற்றினாள். பிறகு பரிவாகவே கேட்டாள்: "கூலி பத்தலியா? வேணும்னா அவுககிட்ட சொல்லி ஏத்தித் தாரேன்."

தனகோட்டி அந்தச் செடியைக் குவியலில் போட்டாள். குனிந்து அடுத்த செடியைப் பிடித்தாள். சாயங்காலம் கொடியெல்லாம் கட்டாகி ஆறாம் பிளாக்குக்கு வண்டி ஏறியது. வண்டியோடு கிளம்பிய தமயந்தி திரும்பிச் சொன்னாள்: "சித்திரையில முத மழை விழுந்ததும் எருவடிக்க வந்துரு. வேற எங்கயும் ஒத்துக்கிடாத."

தனகோட்டி புறங்கையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள். அங்கே ஒன்றும் ஒழுகியிருக்கவில்லை.

"வரேங்கம்மா" என்றாள்.