நம்பர் இல்லாத மணிக்கட்டுப் பட்டை

சாப்பாட்டு ரூம் பலகையில இதைக் குத்திட்டுப் போறேன். எல்லாரும் படிங்க.

தினம் திண்டிவனத்துல பஸ் ஏறி விழுப்புரம் வந்து, இந்த ஆபீசு மொத்தத்துக்கும் டைப் அடிக்கிறவ நான். வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு. உள்ளே தகடு வெச்ச பட்டை மாட்டாம டைப் அடிக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். கடையில ரெடிமேடா வாங்கி மாட்டிக்கினு, பணம் திரும்பக் கேட்டு ஆபீசுல பில் குடுத்தேன்.

இன்னிக்குக் காலையில, மெடிக்கல் பில் பார்க்கிற கிளார்க் கூப்பிட்டார்.

"ஆபீசு பணம் குடுக்கிற சாமான் பட்டியல்ல, அளவெடுத்துச் செஞ்ச பட்டைக்குத்தான் நம்பர் இருக்கும்மா. ரெடிமேடுக்கு நம்பரே இல்ல. அளவெடுத்துச் செஞ்சதுன்னு கடையில எழுதி வாங்கிக்கினு வாங்க, ஜல்தியா பாஸ் பண்ணிடறேன்."

"பாக்கெட்டைப் பிரிச்சு மாட்டினதுக்கு நான் ஏன் சார் பொய் எழுதி வாங்கணும்?"

அவருக்குக் கோபம் வந்துடுச்சு. என் பில்லைத் தள்ளுபடி பண்ணி மெமோ எழுதினார். காரணம், 'அவசியமற்ற பொருள்.' எழுதிட்டு, டைப் அடிக்கச் சொல்லி என்கிட்டயே நீட்டினார்.

பட்டையைக் கழட்டி அவர் மேசை மேல வெச்சேன்.

"அவசியமில்லாததை மாட்டிக்கினு ஆபீஸ் வேலை செய்யலாமா சார்? அது இல்லாம டைப் அடிக்கவும் டாக்டர் விடமாட்டார். நீங்களே அடிச்சுக்குங்க."

சாயங்காலம் வரைக்கும் அந்த மெமோவை ஒரே விரலால குத்திக்கினு இருந்தார். மூணு கார்பன் பேப்பர் பாழ்.

பட்டை இன்னும் அவர் மேசையிலதான் கிடக்கு. நாளைக்கு அவசரமா டைப் அடிக்க வேண்டியது இருக்கிறவங்க கீழே பேர் எழுதுங்க. உங்க வேலைக்குப் பட்டியல்ல நம்பர் இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்.