மெக்கானிக் ஏழுமலை செய்யாத பிழை

பால் ஊற்றுகிற செல்வி அன்று காலை பாலை அளந்து ஊற்றிய பிறகும் வாசலை விட்டுப் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"போஸ்ட்டம்மா, நம்ம மெக்கானிக்கு பூட்டாரும்மா."

எந்த மெக்கானிக் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மரக்காணத்தில் படகு இன்ஜின் பார்ப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. 'நம்ம' என்று சொல்லப்படுகிறவர் ஒருவர்தான்.

"ஏழுமலைதாம்மா. விடியக்காலம் நெஞ்ச வலிக்குதுன்னாராம். பாண்டிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க. அனுமந்தை கூடத் தாண்டல."

அன்று முழுவதும் உப்பளத்தைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். உச்சிவெயிலில் பாத்திகளின் வரப்புகள் மறைந்து எல்லாம் ஒரே தண்ணீராகத் தோன்றும். அந்தத் தண்ணீரின் மேல் ஒருவர் கருவிப்பெட்டியை வலது தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருவதுபோல் இருந்தது. கிட்டே வர வர அது உப்பு வாருகிற பெண் ஒருத்தி. ஏமாற்றத்துடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். சற்று நேரத்தில் மறுபடியும் அவர் வந்தார்.

படகுக்காரர்கள் சங்கத்தில் அவருக்காக ஒரு நினைவு மலர் போடப்போவதாகவும், பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் நான் ஒரு பக்கம் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் இது முடியாது. அவருடைய கைத்திறனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரைப் புகழ்ந்து பேசுகிற எல்லோரும் முடிவில் ஒரு வாக்கியம் சேர்க்கிறீர்கள். "அந்தப் போஸ்ட்டம்மா படகு ஒண்ணுலதான் மனுசன் கோட்டை வுட்டுட்டாரு." கருமாதி அன்றும் என் காதில் விழுந்தது. அந்த வாக்கியம் பொய். அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

நான் தபால் நிலையத்தில் இருந்த காலத்தில்தான் அவர் எனக்கு அறிமுகம். பழுதான இன்ஜின் பாகம் ஒன்றைச் சென்னைக்கு அனுப்பப் பார்சலாகக் கட்டிக்கொண்டு வந்தார். சணல் தளர்ந்திருந்தது, அரக்கு ஒரு பக்கம் ஒட்டவில்லை. திருப்பி அனுப்பினேன். மறுநாளும் வந்தார், மறுநாளும் திருப்பினேன். மூன்றாம் நாள் அவர் கொண்டுவந்த பார்சலில் குறை கண்டுபிடிக்க நான் தேடியும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அம்மா வாங்கிக்கிட்டாங்க. இனிமே இது கடல்ல வுழுந்தாக்கூட நனையாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேலை நேரம் என்பதால் சிரிக்கவில்லை.

என் கணவர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவருக்கு ஒரு சிறிய ஃபைபர் படகு இருந்தது. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கழிவெளி என்கிற உப்பங்கழியில் தூண்டிலோடு போய்விடுவார். கடலுக்குக் கொண்டுபோனதே இல்லை. அந்தப் படகை நான் பார்த்ததெல்லாம் தண்ணீரில் ஒரு முளையில் கட்டி, தூக்கத்தில் புரள்வதுபோல் மெல்ல அசைந்துகொண்டிருக்கும் கோலத்தில்தான். அவர் போன பிறகு குப்பத்து மூர்த்தி அதை ஓட்டினான். எனக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பான்.

பிறகு சுனாமி வந்தது. அது உங்களுக்கு என்ன செய்தது என்பதை நான் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு அடிமணல் இடம் மாறிவிட்டது என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம் மேடாகிவிட்டது. குழந்தைகள் விளையாடிய மணல் ஆளை விழுங்கும் பள்ளமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு படகு ஓட்டிய ஆண்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே இருட்டில் தடுமாறுகிறவர்களைப்போல் ஆனார்கள். அப்போதுதான் நிவாரணமாகப் புதுப் படகுகள் தந்தவர்கள், ஆழம் காட்டும் கருவியும் தருகிறோம், பொருத்த உள்ளூரில் ஆள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அதே வாரம் மஸ்கட்டிலிருந்து வந்த என் மகன் அப்படி ஒன்றை எங்கள் படகுக்கென்று வாங்கி வந்திருந்தான்.

ஏழுமலை செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார். "அம்மா, உங்களுத நான் மாட்டித் தரேன். அது நல்லா வேல செஞ்சிதுன்னா அந்தப் படகுங்க அத்தினியும் என் கைக்கு வந்துடும். இல்லன்னா பாண்டிலேர்ந்து ஆள் கூட்டியாந்துடுவாங்க." தன் பெண்ணுக்கு அவர் வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்த வேலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மறைக்காமல் சொன்னார்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பொருத்தினோம். 'பொருத்தினோம்' என்பது சரியான சொல்தான். கழிவெளிக் கரையில் தென்னந்துண்டுகளின் மேல் படகை ஏற்றிவைத்து அவர் மண்டியிட்டு உட்கார, நான் நாற்காலியில் அமர்ந்து ஆங்கிலப் புத்தகத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். படகின் பின்பலகையில், தண்ணீருக்குள் இருக்கும்படி ஒரு கருப்புக் கட்டியைத் திருக வேண்டும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அது கீழே ஓர் ஓசையை அனுப்பி, அடிமணலில் பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு கம்பி திரைக்குப் போகும். கட்டிக்குப் புத்தகம் வைத்திருந்த பெயரை நான் இரண்டு முறை சொன்னேன். "காதுன்னு வச்சிக்கலாம்மா" என்றார் ஏழுமலை.

காதை இன்ஜினின் விசிறியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும் என்று படித்தேன். தலையாட்டினார். "ஆமா. விசிறி தண்ணிய நொரையாக்குது. நொரைக்குள்ள காத வச்சா? கல்யாண வூட்டு மேளத்துக்குப் பக்கத்துல ரகசியம் பேசற மாரிதான்." காகித நாடா ஒட்டிப் பென்சிலால் குறித்தார். விரல் முட்டியால் பலகையைத் தட்டித் தட்டி, உள்ளே மரம் கெட்டியாக இருக்கும் இடத்தைக் காதால் தேடினார். துளைக்கும் முன் கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா படகு. ஓட்ட போடலாமாம்மா?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. போடுங்க என்றேன். ஃபைபர் தூள் வெள்ளையாகப் பறந்து அவர் புருவத்தில் படிந்தது. துளைகளில் பசையை நிரப்பினார். திருகை அவர் முறுக்கிய விதத்தில் அவசரமே இல்லை. "திருகறப்ப கோவம் இருக்கக் கூடாதும்மா. கோவத்துல ஒரு சுத்து கூடப் பூடும்" என்றார்.

அதன் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது.

"இத்த இப்பிடியே வுட வேணாம்மா. கதவுக்கு வைக்கற மாரி ஒரு கீல் வச்சி, கயிறு கட்டி, கரைகிட்ட வர்றப்ப மேல தூக்கற மாரி பண்ணிடறேன். இன்ஜினத் தூக்கிக்கினுதான கரையேத்தறோம்? இது மட்டும் கீழ நீட்டிக்கினு இருந்தா நிக்குமா?"

"புத்தகத்துல கீல் இல்ல, ஏழுமலை. அசையாம இருக்கணும்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. அசைஞ்சா ஆழம் தப்பாக் காட்டும்."

"தண்ணில நிக்கறப்ப அசையாம பூட்டு போட்டுடுவேம்மா."

"முப்பத்தஞ்சு வருஷம் விதிப்படி வேலை செஞ்சவ நான். ஒருத்தர் ஒரு விதிய மாத்தினா, அடுத்தவர் இன்னொண்ண மாத்துவார். எழுதியிருக்கறபடி செய்யுங்க."

கையில் பொறுக்கி வைத்திருந்த பித்தளைக் கீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிங்கம்மா. உங்க படகு" என்றார்.

அந்தப் பிற்பகலை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூர்த்தி இன்ஜினை நிறுத்த, படகு கழிவெளியில் தானாக மிதந்தது. கணவர் இருந்தபோதுகூட நான் அதில் ஏறியதில்லை. காற்று இல்லை. தூரத்தில் உப்புக் குவியல்கள் தரையைத் தொடாமல் நின்றன. பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று தங்கள் நிழல்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. தபால் அட்டையில் பாதியளவு இருந்த சாம்பல் திரையில், கீழே இருந்த நிலம் ஒரு கோடாக ஊர்ந்து வந்தது. நான்கடி. நான்கரை. பிறகு கோடு சரிந்தது. ஏழு. ஒன்பது. பதினொன்று. யாரும் அறியாத ஒரு பள்ளத்தின் மேல் நாங்கள் மூவரும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தோம். தூக்கத்தில் ஒரு வீட்டின் படிகளில் இறங்குவதுபோல் இருந்தது எனக்கு. அந்த வீட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றும், கொஞ்சம் பொறுத்தால் குரல் கேட்கும் என்றும் தோன்றியது. ஏழுமலை கையைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியே வைத்திருந்தார். "நமக்குக் கீழ இம்மாந்தொலைவு இருக்குது பாரு மூர்த்தி" என்றார் மெதுவாக. கோடு மறுபடி மேலேறியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. கரை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "கீல் இல்லாமலேயே சரியாத்தான காட்டுது" என்று சொன்னேன். அந்த அமைதியைக் கலைத்தது நான்தான்.

முளை இருந்த இடம் மணல் மூடிப்போனதால் மூர்த்தி படகைக் குப்பத்துக் கடற்கரையில் ஏற்ற ஆரம்பித்திருந்தான். எனக்கும் அது தெரியும். ஆனால் கடற்கரையில் ஏற்றுவது என்றால் இருபது பேர் சேர்ந்து அடிவயிறு மணலில் உரச இழுப்பது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் மனதில் அது இன்னும் தண்ணீரில் தூங்குகிற படகு. ஏழுமலை நினைத்துப் பார்த்திருந்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவரும் நானும்தான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் கரையேற்றியபோது காது மணலில் மாட்டி உடைந்தது. திருகுகள் பலகையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் மூர்த்தி தொழிலுக்குப் போனான். கிழிசல் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. திரும்பும்போது முகத்துவாரத்து அலையில் படகு மூழ்கியது. வலை போயிற்று. மூர்த்தி டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி கரை சேர்ந்தான். அவன் தோள் இன்றுவரை சரியாக உயர்வதில்லை.

வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பெண்களில் எனக்கு மட்டும்தான் நாற்காலி. ஊர்ப் பெரியவர் கேட்டார்: "ஏம்பா ஏழுமலை, கரையேத்தற படகுல அடியில நீட்டிக்கினு இருக்கற மாரியா வைப்ப? கொயந்தப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே?"

ஏழுமலை என் பக்கம் திரும்பவில்லை. "தெரிஞ்சிருக்கணும்ணே. என் கை தப்புதான்" என்றார்.

"அதுக்குத்தான் பாண்டி ஆள கூப்புடலாம்ன்றது" என்றது ஒரு குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேசாமல் இருப்பது பொய் சொன்னதாகாது என்று தீர்மானித்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட அதைச் சொல்லாமல் விட்டேன். புதுப் படகுகளின் வேலை முழுவதும் பாண்டிச்சேரி ஆளுக்குப் போனது. அவரும் கீல் வைத்துத்தான் பொருத்தினார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏழுமலை இரண்டு வாரம் கழித்து வந்து, மீட்டுக் கரையேற்றியிருந்த என் படகின் பலகையைத் தாமே அடைத்துச் சரிசெய்தார். மகன் அனுப்பிய வேறொரு காதைக் கீல் வைத்துப் பொருத்தினார். நான் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. வேலை முடிந்து கை கழுவும்போது, நான் கேட்காமலேயே சொன்னார்: "உங்க புக்கு தப்பு இல்லம்மா. அத்த எழுதனவரு எந்த ஊரோ, அங்க மணல் இருக்காது." தப்பு என்னுடையது என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

கருமாதி அன்று போனேன். அவருடைய மனைவி பச்சையம்மாள் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ அந்த வாக்கியத்தை, பிரியமாகத்தான், சொன்னார்கள். நான் எழுந்து நின்று, கீல் வேண்டாம் என்றது நான், அவர் எடுத்துச் சொல்லியும் கேட்காதது நான் என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். "அத்த இப்ப எதுக்கும்மா" என்றார் ஒருவர்.

பச்சையம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும். அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. நான் துடப்பத்தத் தூக்கிக்கினு கிளம்பினேன், நாலு வார்த்த உங்கள நாக்கப் புடுங்கற மாரி கேக்கலாம்னு. கைய புடிச்சி நிப்பாட்டிட்டாரு. 'அந்தம்மாவுக்குப் புருசன் இல்ல, புள்ள ஊர்ல இல்ல. சொன்னா சரியா இருக்கும்ன்ற பேரு ஒண்ணுதான் இருக்குது. அதையும் புடுங்கிக்கினு நான் என்னா பண்ணப் போறேன்? எனக்கு இந்த வேல போனா இன்னொண்ணு வரும்'னாரு." மூக்கைச் சிந்திக்கொண்டார். "வரலம்மா. வேற எதுவும் பெரிசா வரல. நானா இருந்தா வுட்டிருக்க மாட்டேன்."

நீங்களும் விட வேண்டியதில்லை. இனி அந்தப் படகைப் பற்றிப் பேசும்போது என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. யாருடைய இரக்கமும் எனக்கு வேண்டியிருந்ததில்லை என்பதுதான் என் பெருமையாக இருந்தது. அந்தக் கொட்டகைக் கூட்டத்துக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு காலம், என் வாசல் வழியே போகும்போதெல்லாம் சைக்கிளிலிருந்து இறங்கி எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே அந்த மனிதர் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். நான் அதை மரியாதை என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். ஏழுமலையிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த இரக்கம்தான். வேண்டாம் என்று சொல்ல இப்போது எனக்கு வழியில்லை, வைத்துக்கொள்கிறேன்.