சுவர் தாண்டிய ஜெபம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. அதில் வேதக்காரக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமை அப்பாவுக்குக் கொஞ்சம், எனக்கு ஏகப்பட்டது. மாரியம்மன் திருவிழாப் பொங்கலை யாராவது நீட்டினால், “நாங்க இதெல்லாம் தொடமாட்டோம்” என்று சொல்லும்போது ஒன்பது வயதில் எனக்கிருந்த மிடுக்கு எந்தத் துரைசாணிக்கும் இருந்திருக்காது.

காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். எங்கள் வீட்டு ஜெபமும் அப்படித்தான் அடுத்த காம்பராவுக்குள் இறங்கும். அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தமாக ஜெபித்தார்.

அடுத்த காம்பராவில், கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தாள். கட்டிய புருஷனை விட்டுவிட்டு வேறொருவரோடு வந்துவிட்டவள். கழுத்தில் தாலி இல்லை, இடுப்பில் மூன்று மாதப் பிள்ளை. லயத்து ஆட்கள் இரண்டு வாரம் பேசிவிட்டு ஓய்ந்துபோனார்கள். அப்பாதான் ஓயவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. அவளோடு இருந்தவருக்குக் காய்ச்சல் கண்டபோது, தோட்டத்து மருந்துக்காரரைக் கூட்டிவந்ததே அப்பாதான். ஆனால் அந்த வீட்டுப் படியை நாங்கள் மிதிக்கக் கூடாது, அங்கே ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. நாம் வெறுப்பது பாவத்தைத்தான், ஆளை இல்லை என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். அது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் தம்பி பிறந்தான். பிரசவத்துக்குப் பிறகு அம்மா கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது பால் வற்றிப்போயிருந்தது. டின்பால் கொடுத்தால் தம்பிக்கு வயிற்றாலே போனது. கையும் காலும் குச்சியாகிவிட்டன. பிறகு அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு இறங்கினாள். என்ன ஆச்சரியம், பத்தே நாளில் அவனுக்குக் கன்னம் வைத்தது. ஜெபத்தின் பலன் என்று அப்பா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். நானும் நம்பினேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட, பிள்ளைக்காம்பராவை எட்டிப் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போய், இடையிடையே வந்து பால் கொடுக்கும் இடம் அது. பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மாரில் குடித்துக்கொண்டிருந்தது என் தம்பி. அவளுடைய பிள்ளையை அம்மா மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“அப்பாகிட்ட சொல்லிறாத. புள்ள பொழைக்கணும்.”

தலையாட்டினேன். சொல்லவும் இல்லை. மூன்று நாள் எனக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். மறைப்பதும் பொய்தான், பொய்யருக்கு நரகம் என்று ஓய்வுநாள் வகுப்பில் படித்திருந்தேன். நரகத்தைவிட, இவ்வளவு பெரிய விஷயம் தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததுதான் கஷ்டமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம்தானே சொல்லக் கூடாது, கடவுளிடம் சொல்லலாமே என்று பட்டது.

மாலை ஜெபத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு முறை கண்ணை மூடி வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தது.

“ஆண்டவரே, பக்கத்து வீட்டு அக்கா எங்க தம்பிக்குப் பால் குடுக்குறாங்க. அந்தப் பாவம் தம்பி மேல ஒட்டாம காத்துக்கொள்ளும்.”

நன்றாகத்தான் ஜெபித்தேன். அப்பாவைப் போலக் குரலைக்கூட நடுங்கவிட்டேன். கண்ணைத் திறந்தால் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றிருந்தது.

அப்பா கத்தவில்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டாம், பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். டிக்கோயா டவுனுக்கு நடந்து போய், முஸ்லிம் நானா கடையில் உயர்ந்த ரகமாகப் பார்த்து டின்பால் வாங்கிவந்தார். தம்பிக்கு மறுபடி வயிற்றாலே போகத் தொடங்கியது. நான்காம் நாள் மாலை ஜெபத்தின்போது அவன் விடாமல் அழுதான். அப்போது சுவருக்கு மேலாக அந்த அக்காவின் குரல் வந்தது.

“அண்ணே, நாங்க உங்க சாமிக்கு ஆகாதவங்கதான். புள்ளைய மட்டும் குடுங்கண்ணே. பசியாத்திட்டுத் தந்துர்றேன்.”

அம்மா எழுந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் பாட்டை எடுத்தார். நாங்களும் பாடினோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன். பாவி, வாய் வலிக்க வலிக்கப் பாடினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக அப்பா தம்பியைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்கினார். பின்னால் அம்மா, அதற்கும் பின்னால் நான். தம்பி பூனைக்குட்டி மாதிரி சன்னமாக அழுதுகொண்டிருந்தான். பக்கத்துக் காம்பரா வாசலில் அந்த அக்கா நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அப்பா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நடந்தார்.

தம்பி அன்று மத்தியானமே போய்விட்டான். அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராக்காரர்கள் தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அப்பா சத்தமாக ஜெபித்து நான் கேட்டதில்லை.

வெகு காலம் கழித்து, என் தலைப்பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி வார்டில், யாரோ ஒருத்தியின் பிள்ளை பசித்து அழுதது. என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டே எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. குனிந்து பார்த்த நான் அழுத அழுகைக்கு, நர்ஸ் அம்மா வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்.

தம்பியைத் தூக்கிப்போன அன்று காலை அந்த அக்காவின் வாசலைக் கடக்கும்போது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: தண்ணீர்க் குடத்தை ஒழுங்காகத் தூக்கத் தெரியாமல் மேலெல்லாம் சிந்திக்கொண்டு, அப்படியே வாசலில் வந்து நிற்கிறாளே, வெட்கங்கெட்டவள்.