நாலடிச் சுவருக்குள்ளே

முப்பது வருஷம் ஊரார் வீடுகளுக்கெல்லாம் தரை போட்டவருக்குச் சொந்தமாக ஒரு சதுர அடித் தரை கிடையாது. டைல்ஸ் ஒட்டுவதில் ஆள் கில்லாடி. யார் வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துப் பார்ப்பார். அதனால் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே ‘ரசமட்டம்’. மண்டி போட்டு மண்டி போட்டு, ஐம்பத்தாறு வயதில் இரண்டு முழங்காலும் கைவிட்டன. கல்யாணம் கூடிவரவில்லை. அக்கா வீட்டின் பின்னறையில் வந்து ஒண்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அக்காவின் கணவர், இவருக்கு மாமா, ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாளும் சோற்றைச் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் ரசமட்டத்தின் வாயை இறுகக் கட்டிப்போட்டிருந்தது. அந்த வீட்டில் எதையும் ஒரு முறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் எதிர்ப்பேச்சு.

அக்காவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தண்ணீருக்குள் தினமும் நடந்தால் கால் பழகும் என்றார் டாக்டர். மாமா உடனே பெரிய பெட்டிகளாக ஒரு வினைல் நீச்சல்தொட்டியை வரவழைத்தார். தரைக்கு மேலேயே நிற்கிற வகை: வட்டமாக நாலடி உயரத் தகரச் சுவர், உள்ளே வினைல் விரிப்பு, அவ்வளவுதான். கூடவே வந்த புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் தானே வட்டம் கீறினார்.

அந்த வட்டத்துக்குள் ஒரு பழைய மரம் நின்ற இடம் இருந்தது. வேரோடு தோண்டி எடுத்துக் குழியை மூடியவரே ரசமட்டம்தான்.

“மாமா, அந்த ஓரத்துல மண்ணு இன்னும் இறுகலை. மட்டம் பாத்துட்டுப் போடலாமே.”

“புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு மச்சான்.”

ரசமட்டம் பின்னறைக்குப் போய்விட்டார்.

தண்ணீர் நிரம்பியதும் குட்டு வெளிப்பட்டது. வீட்டுப் பக்கம் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்ற தண்ணீர், மரம் இருந்த பக்கம் நாலு விரலில் தளும்பியது. தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாதே. மாமா பார்த்துவிட்டு, தோட்டமே கொஞ்சம் சரிவுதான் என்று முடித்துக்கொண்டார்.

அக்கா காலையில் இருபது சுற்று நடந்தாள். ஒரு வாரம் போயிருக்கும். எட்டாவது சுற்றில் கால் பள்ளத்தில் இறங்கி, ஆள் முழுசாக முங்கிவிட்டாள். விளிம்பைப் பிடித்துத் தொங்கி, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சீறி வெளியே விட்டுக்கொண்டு நின்றவளை ரசமட்டம்தான் தூக்கி ஏற்றினார். கணுக்கால் வீங்கிவிட்டது. மாமாவிடம் சொல்லாதே என்றாள் அக்கா.

அன்று மத்தியானம் ரசமட்டமே உள்ளே இறங்கிக் காலால் தடவிப் பார்த்தார். நடுவில் இரண்டு மேடு, ஓரத்தில் ஒரு பானையை வைக்கிற அளவு பள்ளம். அங்கே விரிப்பு இழுபட்டுக் கிழியக் காத்திருந்தது. தொட்டியைப் பிரித்தெடுத்துத் தரையைச் சரி பண்ணாமல் முடியாது என்று மாமாவிடம் சொன்னார். மாமா கடைக்குப் போய் ரப்பர் பாய் ஒன்று வாங்கிவந்து பள்ளத்தின் மேல் போட்டார். அது மறுநாளே மிதந்தது.

பள்ளத்துப் பக்கச் சுவர் வெளியே புடைக்கத் தொடங்கிய பிறகுதான் மாமா தண்ணீரை வடிக்கச் சம்மதித்தார். ஆனால் சுவரைப் பிரிக்கக் கூடாதாம். மேல் சட்டங்களை மட்டும் கழற்றி, விரிப்பை உள்ளே சுருட்டி வைத்துவிட்டு, ரசமட்டத்தை மண்வெட்டியோடு உள்ளே இறக்கினார். சுவரில் கீறல் விழுகிறது என்று ஏணியைத் தூக்கிப் புல்லில் போட்டார். மணல் வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே குனிந்து நின்றால் சுவருக்கு மேலே வானம் மட்டும்தான் தெரிந்தது. ரசமட்டம் மேட்டைச் செதுக்கினார். பள்ளத்தை மண் அள்ளி நிரப்புவது சுலபம். தண்ணீர்ப் பாரம் ஏறினால் மறுபடி உட்கார்ந்துவிடும். உயரத்தைக் குறைப்பதுதான் முறை. பாதி மேடு கரைந்திருக்கும்போது காற்று வீசியது.

தண்ணீரும் இல்லை, சட்டமும் இல்லை. நாலடித் தகரம் காற்றில் நிற்குமா? ஒரு பக்கம் உள்ளே மடங்கி வந்தது. அவர் முதுகைக் கொடுத்து நிறுத்தினார். கைகளை விரித்துக் கால்களை ஊன்றினார். விட்டால் சுவர் ஒடியும். ஏறித் தாண்டலாமென்றால் ஏணி வெளியே, முழங்காலோ ஒத்துழைக்காது. இரண்டு முறை “அக்கா” என்று கூப்பிட்டார். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. தான் செத்தாலும் இந்தத் தகரத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாகவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

அரை மணி கழித்து அக்கா கைத்தடியோடு வந்தாள். நிலைமையைப் பார்த்தவள் பதறவில்லை. துணிக்கொடியை அவிழ்த்து வந்து, சுவரைத் தாங்கி நின்ற தூணில் ஒரு முனையையும் கொடிக் கம்பத்தில் மறுமுனையையும் கட்டினாள். ஏணியைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. கயிறு மட்டும் தாங்காதென்று வெளியே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரே தகரத்துக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அக்கா.

“அன்னைக்கே ஏன்டா அழுத்திச் சொல்லலை?”

“ஒரு தடவை சொன்னேன்கா.”

“உன் வீடா இருந்தா பத்துத் தடவை சொல்லியிருப்பே.”

அவர் முதுகைச் சற்று நகர்த்தி மறுபடி ஊன்றினார். அவளே சொன்னாள்:

“எனக்கு மட்டும் என்ன? முப்பத்தொரு வருஷமா நானும் ஒரு தடவைதான் சொல்றேன்.”

மாமா திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்ததும் ஏணி ஏன் புல்லில் கிடக்கிறது என்று கேட்டார். ஏணி உள்ளே வந்தது. ரசமட்டம் ஏறி வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்:

“சுவரைப் பிரிக்கணும் மாமா. பிரிச்சாத்தான் இனிமே நான் கை வைப்பேன்.”

மாமா அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் ஸ்பேனர் பெட்டி கொல்லைப்புறத்தில் இருந்தது.

மூன்று நாள் வேலை. மரக்குழியைத் திரும்பத் தோண்டி, ஜல்லி போட்டு இடித்து இறுக்கினார். நிறத் தண்ணீர் ஊற்றிய டியூபை வட்டம் முழுக்கப் பிடித்து மட்டம் பார்த்தார். மறுமுனையைப் பிடித்தவர் மாமாதான். சொன்ன இடத்தில் வாய் திறக்காமல் பிடித்தார். மேலே சலித்த மணல் பரப்பி, உச்சி வெயிலில் விரிப்பு இளகியபோது சுருக்கமில்லாமல் விரித்தார்கள். தண்ணீர் சுற்றிலும் ஒரே அளவில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் பாராட்டியபோது, புத்தகத்தில் எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறது என்றார் மாமா. ரசமட்டம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு அறை பார்க்கப் போனார். பழகிய டைல்ஸ் கடைக்காரர், மாடியில் சும்மா கிடக்கிற அறை, வந்து இருந்துகொள்ளுங்கள், கடையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருந்தார். காற்றோட்டமான அறை. ஆனால் இருபத்திரண்டு படி, செங்குத்தாக. ஏறிவிட்டார். இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கடைக்காரர் வேறு பக்கம் பார்ப்பது போல நின்றார்.

வீட்டுக்கு வந்து, சும்மா நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வேட்டியின் பின்பக்கம் வரிவரியாக ஒட்டியிருந்த படிப் புழுதியை அக்கா பார்த்தாள்.

மறுநாள் காலையில் அக்கா அவரையும் தண்ணீரில் இறங்கச் சொன்னாள், முழங்காலுக்கும் நல்லதாம். இருவரும் முன்னும் பின்னுமாக வட்டம் சுற்றினார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து மாமா, விளிம்பைப் பிடித்து இழுக்காமல் நடக்கச் சொன்னார். அக்கா சரியென்று தலையாட்டினாள். ஜன்னலைத் தாண்டிய பிறகு, திரும்பாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“படி இல்லாத இடமாப் பாருடா.”