வாய் திறக்காத மூன்றாம் துளை

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அவ்வளவுதான், வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே, சாப்பாட்டு மேசையில் கிடக்கும் பழைய கணினியின் முதுகில் டார்ச் அடிக்கிறார் டாக்டரம்மா. இடது கையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. கிளினிக்கில் கழற்ற மறந்த முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்குகிறது. பல வருடங்களாகப் பிறர் வாய்க்குள்ளேயே குடியிருந்தவர். எதைத் தொட்டாலும் முதலில் சமாதானம் செய்துவிட்டுத்தான் தொடுவார். குக்கர் மூடி இறுகிக்கொண்டால்கூட, "பயப்படாதீங்க" என்பார்.

நான் எதிர்வீட்டுக்காரன். என் கடைவாய்ப் பல்லுக்கு அவர் வேர் சிகிச்சை செய்தபோது பழக்கமானவர். வாய் மரத்துப்போய், பதில் பேச வழியில்லாமல் படுத்திருக்கும் ஆளிடம்தான் அவர் மனம்விட்டுக் கணினிகளைப் பற்றிப் பேசுவார். மூன்றே தடவையில் முடிய வேண்டிய என் சிகிச்சை ஏன் இழுத்துக்கொண்டே போனது என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

மேசையில் கிடப்பது சாதாரணக் கணினி அல்ல. இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அலுவலகத்தை மூடியபோது வாங்கி வந்த, அந்த வேலைக்கென்றே செய்த ஒர்க்ஸ்டேஷன். தூக்கி வந்த இரண்டு பேரும் மாடிப்படியில் வைத்து அதைத் திட்டிய திட்டு எங்கள் வீடு வரை கேட்டது. அது வந்த நாளிலிருந்து டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்.

வீட்டுக்காரர் ஆடிட்டர். ரசீது இல்லாமல் மழை பெய்தது என்று சொன்னாலும் நம்பமாட்டார். சாம்பல் நிறப் பேண்டில் குழம்பு கொட்டிய ஒரு நாள், ஒப்பந்தம் போட்டார்.

"பின்னாடி எத்தனை ஓட்டை இருக்கோ, ஒவ்வொண்ணும் எதுக்குன்னு நீ சொல்லணும். எல்லாத்தையும் சொல்லிட்டா இந்தச் சனியன் இங்கேயே இருக்கட்டும். ஒண்ணு விட்டாலும் ஞாயித்துக்கிழமை பழைய சாமான் வண்டி வரும்."

"இவ்வளவுதானா?" என்று டாக்டரம்மா கையை நீட்டினார். ஆடிட்டர் குலுக்கிய விதத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மனைவி கிளினிக்கில் இருந்த நேரம், பூதக்கண்ணாடியோடு அவர் அந்த முதுகை முழுசாகத் தணிக்கை செய்து முடித்திருந்தார்.

இது திரைக்கு, இது விசைப்பலகைக்கு, இது அச்சுப்பொறிக்கு என்று டாக்டரம்மா மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரு மூலையில் நின்றார். விரல்நுனி அகலத்தில் ஒரு வட்டம். உள்ளே மூன்று பொடித் துளைகள். பக்கத்தில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. கையேட்டைப் புரட்டினால், மற்ற எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியவன் இதை மட்டும் அநாதையாக விட்டிருந்தான்.

"ம்?" என்றார் ஆடிட்டர், தேன் ஒழுக.

அவர் அந்தண்டை போனதும் நான் மெதுவாகச் சொன்னேன். "வாய்க்கு வந்த பேர் ஒண்ணைச் சொல்லிடுங்களேன். அவருக்கு என்ன தெரியப்போகுது?"

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பார்க்காமலே சொத்தைன்னு சொல்லிப் பல்லைப் பிடுங்குற ஆளா நான்? உங்க பல்லை நான் அப்படியா பார்த்தேன்?"

மறுநாள், பல்லுக்கு அச்செடுக்கும் மாவைத் துளைக்குள் இறங்காதபடி கெட்டியாகப் பிசைந்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வட்டத்தின்மேல் அழுத்தி எடுத்தார். வட்டமும் விளிம்பின் வெட்டும் மூன்று புள்ளிகளும் கச்சிதமாகப் பதிந்திருந்தன. அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். பழைய மின்சாமான் கடைக்காரருக்கு ஊரில் 'ஒயர் அண்ணன்' என்று பெயர். பெட்டியைத் திறந்ததும் அண்ணன் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, எனக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கு!"

"அப்புறம் பார்த்துக்கறேன். இந்த வாய்க்குப் பொருந்துற மாதிரி ஏதாவது இருக்கா?"

அண்ணன் கூடையைக் கவிழ்த்து, யாருடைய பவர் சப்ளையிலிருந்தோ வெட்டிய ஒரு முனையை எடுத்து அச்சில் வைத்தார். அப்படியே உட்கார்ந்தது. "வீட்டுக்குப் போய்ச் சொருகிப் பாருங்கக்கா. அவ்வளவுதான் விஷயம்."

"பொருந்திட்டா சொந்தம்னு ஆயிடுமா? தப்பான கரண்ட் போச்சுன்னா ஆளே காலி" என்று அச்சை மூடிக்கொண்டார் டாக்டரம்மா.

சனிக்கிழமை கிளினிக்குக்கு லீவு விட்டார். வோல்ட் அளக்கும் மீட்டரின் முனையில் மெல்லிய ஊசி கட்டி, ஊசி நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் உறை மாட்டி, ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். முதல் துளை கணினியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருந்தது. இரண்டாவதில் ஐந்து வோல்ட். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

"மூணாவது ஆள் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். சரி, பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம்."

ஊசியை அங்கேயே நிறுத்திவிட்டு, கணினியில் இருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். படம் வரையும் நிரலில் ஒரு கட்டளை. அதைத் தட்டினால் திரையில் கோடெல்லாம் இரட்டையாகும். கோளாறு என்று நினைத்து எப்போதும் உடனே மூடிவிடுவாராம். அன்றைக்கு மூடுவதற்குள் மீட்டர் முள் துள்ளி எழுந்து, பாதியில் நின்று நடுங்கியது.

டாக்டரம்மா ஒரு கண்ணை மூடினார். திறந்தார். இன்னொன்றை மூடினார்.

"தம்பி, ஒரே பல்லை ரெண்டு கோணத்துல எக்ஸ்ரே எடுத்தா இப்படித்தான் தள்ளித் தள்ளி விழும். இது கோளாறு இல்ல. ஒரு படம் இடது கண்ணுக்கு, ஒரு படம் வலது கண்ணுக்கு. மாத்தி மாத்திக் காட்டுது. இந்த ஓட்டை, இப்ப இந்தக் கண்ணை மூடு, இப்ப அந்தக் கண்ணை மூடுன்னு யாருக்கோ உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கு."

"யாருக்கு?"

அவர் ஏற்கெனவே போனில் இருந்தார். "அண்ணே, கண்ணு மாறி மாறி இருட்டாகுற கண்ணாடி ஏதாவது உங்க கடைக்கு வந்துச்சா? ஒயரோட?"

மறுமுனையில் ஒயர் அண்ணன் சிரித்தது எனக்கே கேட்டது. "அந்தக் கறுப்புக் கண்ணாடியா? வெல்டிங் கண்ணாடின்னு வித்தேன்க்கா. வெல்டர் மறுநாளே வந்து மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிட்டாரு!"

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வந்து கீழே ஹாரன் அடித்தது. ஆடிட்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"முப்பரிமாணக் கண்ணாடிக்கான துளை" என்றார் டாக்டரம்மா.

"பேர் நல்லாத்தான் இருக்கு. ஆதாரம்?"

டாக்டரம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அன்று காலையில்தான் ஒயர் அண்ணனிடமிருந்து வந்த அந்தக் கனத்த கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, ஒயரை வட்டத்தில் சொருகினார். தான் இன்னும் ஒருமுறைகூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை. வெறுங்கண்ணுக்குத் திரையில் ஒரு பல்சக்கரம் இரட்டை இரட்டையாய்க் குழம்பிக் கிடந்தது, அவ்வளவுதான்.

ஆடிட்டர் கழுத்தை முன்னே நீட்டினார். அப்புறம் மெல்ல, "சக்கரம் திரைக்கு வெளியே நிக்குதுடி" என்றார். விரலை நீட்டிக் காற்றைத் தொட்டார். இல்லாத சக்கரத்தின் பின்பக்கத்தையும் தடவப் பார்த்தார்.

கீழே மறுபடி ஹாரன்.

"தம்பி, வண்டியைப் போகச் சொல்லிடுங்க" என்றார், கண்ணாடியைக் கழற்றாமல்.

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். டாக்டரம்மாவின் ஆள்காட்டி விரல் விசைப்பலகையில் இருந்தது. அவர் ஒரு விசையைத் தட்ட, சக்கரம் மூக்கில் மோத வந்ததுபோல ஆடிட்டர் பதறித் தலையைப் பின்னுக்கு இழுத்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடியும் அதே விசையைத் தட்டினார்.