அழிக்கச் சொன்ன பென்சில் எழுத்து

1. கேட் திறந்தபோது

நீட் தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது கேட் ஓரமாக நிற்பது என் வழக்கம். வருகிற முகத்தைப் பார்த்தே மார்க் சொல்லிவிடுவேன் என்று சக ஆசிரியர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்த மே மாதம், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியின் வாசலில், செருப்பில் தார் ஒட்டுகிற வெயிலில் என் மாணவி ஸ்டெல்லாவுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் அவள் அம்மா லூர்து. உள்ளே விடுவதற்கு முன் கழற்றச் சொன்ன மகளின் கம்மலையும் ஹேர்பின்னையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

ஸ்டெல்லா அழவில்லை. அம்மாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"சார், என் பக்கத்து பெஞ்ச்ல ஒரு பொண்ணு. அவ புக்லெட்ல இங்கிலீஷும் இருந்துச்சு, தமிழும் இருந்துச்சு. எனக்கு ஏன் சார் தமிழ் இல்ல?"

முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல், பஸ் போய்விடும் என்று அவர்களை அவசரப்படுத்தினேன். இப்போது இங்கே சொல்கிறேன்.

2. மீடியம் என்ற கட்டம்

நான் விலங்கியல் ஆசிரியன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலையில் இருந்த காலம் முழுக்கத் தமிழ்வழியில்தான் பாடம் எடுத்தேன். என் மகனை மட்டும் காஞ்சிபுரத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து சனி ஞாயிறு வகுப்பு. பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே கிராஷ் கோர்ஸ் தொடங்கும். கோடை முழுக்க, காலை முதல் மாலை வரை, தகரக் கூரைக்குக் கீழே.

சுற்று வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று மருத்துவத்தில் தனி ஒதுக்கீடு இருப்பதால், நடுத்தரமான மார்க் வாங்கினாலும் அவர்களுக்கு சீட் கிடைக்க வழி உண்டு. ஸ்டெல்லா அப்படிப்பட்ட பிள்ளை. அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அப்பா வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். பயாலஜியில் அவளை மடக்க என்னாலேயே முடியாது. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் படித்தது தமிழில்.

விண்ணப்பங்களை சென்டரிலேயே நாங்கள்தான் போடுவோம். வினாத்தாள் எந்த மொழியில் வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் வரும். இங்கிலீஷ் என்று போட்டால் இங்கிலீஷ் மட்டும் வரும். தமிழ் என்று போட்டால் இரண்டும் வரும். சென்டரை நடத்தும் கரஸ்பாண்டன்ட் என் பின்னால் நின்றுகொண்டு, "எல்லாத்துக்கும் இங்கிலீஷ்னே போட்ருங்க சார். நம்ம மெட்டீரியல் இங்கிலீஷ், டெஸ்ட் இங்கிலீஷ். இங்க தமிழ்ல சொல்லிக் குடுக்கறாங்கன்னு வெளிய தெரிஞ்சா எவன் வந்து சேருவான்?" என்றார்.

அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனாகலாம். ஆனால் அவர் சொன்னதால் மட்டும் நான் போடவில்லை. டாக்டருக்கு இங்கிலீஷ்தான் என்று நானும் நம்பினேன். தமிழில் சொல்லிக் கொடுத்தே சம்பளம் வாங்கியவன், இப்போது பென்ஷனும் வாங்குகிறவன், அதை நம்பினேன்.

3. "தமிழ்ல ஊசி போடப் போறியா?"

விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ள சில நாள் அவகாசம் கொடுப்பார்கள். அந்த நாட்களில் ஒன்றில், வகுப்பு நடுவில் ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

"சார், தமிழ்னு மாத்திக்கினா ரெண்டும் வருமாமே? எங்க ஸ்கூல் மிஸ் சொன்னாங்க. மாத்தலாமா சார்?"

ஆமாம், மாற்றலாம் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். நான் கேட்டது இது: "ஏம்மா, டாக்டராகி பேஷண்டுக்குத் தமிழ்ல ஊசி போடப் போறியா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது எனக்கு மறந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது மறக்கவில்லை. அவகாசம் முடிந்தது. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

4. லைன் பை லைன்

கிராஷ் கோர்ஸில் பயாலஜி நடத்த ஒரே வழிதான். 'லைன் பை லைன்' என்போம். மத்திய பாடத்திட்டத்து இங்கிலீஷ் புத்தகத்தை வரி வரியாக வாசிக்க வைப்போம். கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும். ஸ்டெல்லா ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் எழுதி வைத்திருந்தாள். சொல்லுக்குச் சொல் அல்ல. வரி என்ன சொல்கிறது என்பதைத் தன் வார்த்தையில் எழுதியிருந்தாள். அப்படி எழுத வேண்டுமென்றால் பாடம் உள்ளே போயிருக்க வேண்டும். இதை ஒரு ஆசிரியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அழி. இங்கிலீஷ்லயே யோசி. அப்பதான் ஸ்பீடு வரும்" என்றேன்.

ஏப்ரல் முழுக்க அவள் அழித்துக்கொண்டிருந்தாள். வாசிக்க எழுந்தால் மடியிலிருந்து ரப்பர்த் தூள் கொட்டும். மாதிரித் தேர்வுகளில் அவள் மார்க் இறங்கியது. ஸ்பீடு வரவில்லை என்று அதற்கும் திட்டினேன்.

உண்மையில் அவளுக்கு வார்த்தைகள் தெரியும். மண்ணீரலுக்கும் கணையத்துக்கும் இங்கிலீஷில் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவளை விழ வைத்தது கேள்வியின் கட்டு. 'கீழ்க்கண்ட கூற்றுகளில் தவறில்லாதது எதுவல்ல' என்று இங்கிலீஷில் சுற்றி வளைத்துக் கேட்டால், அதை அவிழ்ப்பதற்குள் நேரம் போய்விடும். பக்கத்திலேயே தமிழ் இருந்திருந்தால் ஒரு பார்வை போதும்.

5. ரிசல்ட்

தெரிந்த கேள்விகளையே அவள் தப்பாகப் போட்டிருந்தாள். நெகட்டிவ் மார்க் பாக்கியையும் தின்றது. ஒதுக்கீட்டில் கடைசி சீட் வாங்கியவருக்கும் அவளுக்கும் நடுவில் கொஞ்சம் மார்க்தான் வித்தியாசம். கரஸ்பாண்டன்ட், "லக்கு இல்ல சார் அதுக்கு" என்று சொல்லிவிட்டு, பாஸான வேறொரு பையனுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனார். கூட வேலை பார்த்தவர்கள், உங்களால் ஆனதைச் செய்தீர்கள் சார் என்றார்கள். இந்த ஆறுதலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னால் ஆனது விண்ணப்பத்தின் மீடியம் கட்டத்தில் ஒரு டிக். அதைத்தான் நான் செய்யவில்லை. இதில் லக் எங்கே வந்தது?

வேலையை விட்டேன். அதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பில் நின்றால் ரப்பர்த் தூள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

6. அவர்கள் வீட்டில்

ஆடி பிறந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இன்னொரு முறை எழுதட்டும், தமிழிலேயே நான் சொல்லித்தருகிறேன் என்று சொல்லப் போனேன். லூர்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு நிலைப்படியில் நின்றார்.

"இன்னொரு வருசம் சும்மா வூட்ல வச்சிக்கினு இருக்க முடியாது சார். ஒரகடம் கம்பெனிக்குப் போவுது. ரோட்டு மேலயே பஸ் வர்து."

மன்னிக்கச் சொல்லி ஏதோ முனகினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"சார் அயிக்கச் சொன்னாருன்னு சொல்லுச்சு. ரப்பர் தேஞ்சி போச்சும்மான்னுச்சு. சந்தையாண்ட போயி நான்தான் சார் ரப்பர் வாங்கினு வந்தேன். என் கையால."

அவரிடமிருந்து பார்வையைத் திருப்பினேன். சுவரோரமாக ஸ்டெல்லாவின் தங்கை ரோஸி உட்கார்ந்திருந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். மடியில் அதே பயாலஜி புத்தகம். வரிகளுக்கு மேலே மறுபடியும் தமிழ் இருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. பார்க்கலாமா என்று கையை நீட்டினேன். ரோஸி புத்தகத்தை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

ஸ்டெல்லா அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கழுத்தில் ஐ.டி. கார்டு. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"காட்டு ரோஸி, பயப்படாத. இந்தவாட்டி பேனாலதான் எழுதிக்கீறேன். சாரால ஒண்ணும் பண்ண முடியாது."

ரோஸி காட்டவில்லை. நானும் கையை மடக்கிக்கொண்டேன்.

இப்போது வகுப்பெடுக்கும் இளம் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்ல முடியும். தமிழ்வழிப் பிள்ளைக்கு விண்ணப்பம் போடும்போது தமிழ் என்று போடுங்கள், இரண்டும் வரும். ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டால், சிரிக்க வைக்காமல் பதில் சொல்லுங்கள். வரிக்கு மேலே அவள் தன் மொழியில் எழுதினால் அதில் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். ரோஸிக்கு அது தெரியும்.