வரிசையில் அவள் குடம்

தாராவியில் எங்கள் கல்லியில், அந்தக் குறுகிய சந்தில், பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்போம்.

எதிர் ரூமுக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு வந்தது. பீகார்க்காரர்கள். அந்தப் பெண் வைத்த குடத்தைக் கடைசி வீட்டுக்காரர் காலால் தள்ளிவிட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான்.

"சாமிக்கு எடுக்க தண்ணி. அவ கொடம் இங்க வரப்பிடாது" என்றார்.

எல்லோரும் அவரவர் குடத்தை முன்னே நகர்த்தினார்கள். நானும் நகர்த்தினேன்.

மறுநாளிலிருந்து ஒரு குடம் கூடுதலாகப் பிடித்து வைத்தேன். கூட்டம் கலைந்ததும் அவள் வந்து வாங்கிப் போவாள். "நீங்க இல்லேன்னா நான் எங்க போவேன் பாபி" என்று இந்தியில் அண்ணி முறை வைத்துச் சொல்வாள். கேட்க நன்றாக இருக்கும். நாற்பது நாள் இப்படிப் போனது. கடைசி வீட்டுக்காரரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். சிரித்தார்.

மேல் ரூமில் என் கொழுந்தன் மனைவி இருக்கிறாள். ஒரு நாள் அவளே அந்தப் பீகார்ப் பெண்ணின் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தாள். அவர் தள்ளினார். உருண்ட எவர்சில்வர் குடத்தை எடுத்து அவர் தலையில் ஒரே போடு போட்டாள்.

"இப்பம் தள்ளும்! இன்னொருக்கா தள்ளிப் பாரும்!"

சயான் ஆஸ்பத்திரியில் நான்கு தையல். அவர் மகள் பள்ளிச் சீருடையோடு, துண்டால் அப்பா தலையை அழுத்திப் பிடித்தபடி ரிக்ஷாவில் போனாள். அவர் போலீசுக்குப் போகவில்லை. பெண்பிள்ளையிடம் அடி வாங்கியதைச் சொல்ல வெட்கம்.

மறுநாள் அந்தக் குடம் வரிசையில் நின்றது. யாரும் தொடவில்லை.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "நீ நாப்பது நாளு சொமந்த. அவ ஒரு அடியில முடிச்சிட்டாளட்டி!"

"அக்காவுக்குப் பொறுமை சாஸ்தி, அத்தான்" என்றாள் கொழுந்தன் மனைவி.

அடித்தது தப்பு என்று சொல்ல நினைத்தேன். துண்டைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கை கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் நான் சொன்னால் அது பொறாமையில் சொல்வது. எனக்கே தெரியும். அடிக்காமல் குடம் வரிசைக்கு வந்திருக்காது. அதுவும் தெரியும். அந்தப் பீகார்ப் பெண்ணை வரிசைக்கு வா என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. என் வாசலுக்கு வரட்டும் என்றே இருந்துவிட்டேன்.

ஈத் அன்று சேமியாப் பாயசம் கொண்டு வந்தாள். முதலில் மேல் ரூமுக்குப் போனாள். பிறகு என்னிடம்.

"நல்லாருக்கா பாபி?"

தலையாட்டினேன். மேலே கொடுத்த கிண்ணம் இதைவிடப் பெரிதா என்று கேட்கத்தான் வாயில் வந்தது.